பதினேழாம் கிலோமீட்டர்

எங்கள் ரோட்டு ஒப்பந்தத்தில் குழியை அடைப்பதற்குக் காசு கிடையாது. குழி இல்லாமல் இருப்பதற்குத்தான் காசு. இதை ஆட்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய முறையில் எத்தனை பீப்பாய்த் தார் ஊற்றினாய், எத்தனை லோட் கல் கொண்டுவந்து பறித்தாய் என்று எண்ணுவோம். அதனால் இந்த மாரிக்குக் கல் பறித்த இடத்திலேயே அடுத்த மாரிக்கும் கல் பறிக்கப்படும். குழிக்கும் நல்ல சீவியம், ஒப்பந்தகாரருக்கும் நல்ல சீவியம். புதிய முறையில் ரோட்டைப் பல வருடங்களுக்கு ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிடுகிறோம். முதலில் புதுப்பிக்க வேண்டும், பிறகு அதைப் பழுதாகாமல் வைத்திருக்க வேண்டும். எப்படி வைத்திருக்கிறார் என்பது அவர் பாடு. ரோட்டு ரோட்டாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என் பாடு.

பார்ப்பதற்குக் கணக்கு உண்டு. சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய குழி இருக்கக் கூடாது. கரையில் புல் முழங்காலுக்கு மேல் வளரக் கூடாது. வாய்க்காலில் மண் நிற்கக் கூடாது. தார் முடிகிற விளிம்புக்கும் கிரவல் மண் போட்ட கரைக்கும் இடையில் பள்ளம் விழக் கூடாது. இதில் ஒன்று பிழைத்தாலும் அந்தக் கிலோமீட்டர் தவறியது என்று எழுதுவேன். எழுதினால் நாள் எண்ணத் தொடங்கும். குறித்த நாளுக்குள் திருத்தாவிட்டால் காசில் வெட்டு விழும்.

எங்கள் வீதித் திணைக்கள அலுவலகம் திருகோணமலை டவுனில், துறைமுகம் தெரிகிற மாடியில் இருந்தது. காலையில் சீனன்குடாவைத் தாண்டி, கிண்ணியாப் பாலத்தால் மூதூருக்குப் போய், அங்கிருந்து சம்பூர்ப் பக்கம் பிரிகிற ரோட்டில் இறங்குவேன். ஜீப்பில் ஒரு அளவுத்தடி, ஒரு நாடா, குறித்துக்கொள்ள ஒரு கொப்பி. வேலைக்காரர்கள் எனக்கு வைத்த பட்டம் அடிமட்டம், பள்ளிப் பிள்ளைகள் கோடு கீறுகிற தடி. என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, "அடிமட்டம் வருது, புல்லைப் பாருங்கோ" என்று ஒருவருக்கொருவர் சொல்லுவார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று கேட்டு வளர்ந்தவன் நான். கையில் காகிதம் வைத்திருக்கிறவனுக்கு இரக்கம் வந்தால் ரோட்டுக் கெட்டுவிடும் என்று பயிற்சிக்கு வந்த பொறியியலாளர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அந்த வகுப்பை இப்போது நினைத்தால் என் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தார் வேலையை ஒப்பந்தகாரர் தானே செய்தார். புல், வாய்க்கால், கரை நிரப்புகிற வேலையை ரோட்டோரத்துக் கிராமங்களின் பெண்கள் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். பதினொன்றிலிருந்து பதினெட்டு வரையான கிலோமீட்டர்கள் சம்பூர்ப் பக்கத்து ஆறு பெண்களுடையவை. அந்தக் குழுவின் தலைவிக்கு நாற்பது வயதிருக்கும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, திரும்பி வந்து, பற்றைக்குள் தன் வீட்டுக் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தவர். மாதம் முடிந்தால் சம்பளம் வருகிற வேலை அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. மற்றக் குழுக்கள் என்னைக் கண்டால் ஒதுங்கும். இவர் கூடவே நடந்து வாதாடுவார். என் தடியின் அளவுக்குத் தானும் ஒரு பூவரசந் தடி வெட்டி, கோடு கீறி வைத்திருந்தார். நான் ஓரிடத்தில் தடியை ஊன்றினால், அவர் தன்னுடையதைப் பக்கத்தில் ஊன்றி, "உங்கட தடி கட்டை, சேர்" என்பார். இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரே அளவாக இருக்கும். அவருக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வரும், ஆனால் நான் சிரிக்க மாட்டேன்.

அவருடைய கணவர் மீன் வியாபாரம். விடிய முன் கரைக்குப் போய் மீன் எடுத்து, மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டி, தோப்பூர் வரை போய் விற்றுவிட்டு வருவார். என்னைக் கண்டால் நிறுத்துவார். பெட்டியைத் திறந்து நல்ல நண்டு இரண்டைத் தூக்கிக் காட்டுவார். வேண்டாம் என்பேன். எங்கள் வேலையில் ஒரு தேங்காய்கூட வாங்கக் கூடாது. அவருக்கு அது தெரியும், தெரிந்துதான் காட்டுவார். "அளந்து பாக்கவாவது பாருங்கோ சேர்" என்று சிரித்துவிட்டுப் போவார். மனைவியைக் கடக்கும்போது ஹோர்ன் அடிக்காமல் போனதை நான் கண்டதில்லை.

அந்த வருடம் அவர்களுக்குச் சனி பிடித்த வருடம். ஒரு மாதம் புல்லில் தவறினார்கள். குழுவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். கோயில் திருவிழா மாதத்தில் வாய்க்காலில் தவறினார்கள். இரண்டையும் எழுதியவன் நான்தான். ஒப்பந்தகாரரின் மேலாளர் கிண்ணியாக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மேலே கொழும்பில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு குழுவின் பகுதி மூன்று தரம் தவறினால் அதை அந்தக் கிராமத்துப் பெண்களிடமிருந்து எடுத்து, இயந்திரத்தோடு வருகிற வெளியூர் ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளை. மேலாளர் அதைத் தலைவியிடம் சொன்னபோது நானும் நின்றேன். அவர் வாதாடவில்லை. பூவரசந் தடியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். ஆறு வீட்டின் அடுப்பு அவர் தலையில் இருந்தது.

மார்கழி மழை தொடங்கி ஒரு கிழமைக்குள் மாதப் பரிசோதனை நாள் வந்தது. நான் ஜீப்பால் இறங்கியதும் தலைவி தனியே வந்தார். மற்றவர்கள் என்றால் மறைத்திருப்பார்கள். அவர் மறைக்கிற ஆள் இல்லை.

"பதினேழில மதகடியில கரை கழுவிப்போட்டுது, சேர். முழங்காலுக்குத் தாழ்வு. கிரவல் கேட்டனாங்கள், கிரவல் வெட்டுற குழிக்குள்ள தண்ணி நிண்டு லொறி வெளிய வர ஏலாதாம். ரெண்டு நாளில வரும் எண்டவை. கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறம்" என்றார்.

அன்று அளக்க எடுக்கிற சீட்டில் அந்த எண் வந்தால் எழுதத்தான் வேண்டும், வராவிட்டால் என் வேலையில்லை என்று சொன்னேன். அது பாதி உண்மை. ஒப்பந்தத்தில் ஆபத்துக் குறிப்பு என்று ஒரு படிவம் உண்டு. சீட்டில் வராத இடமாக இருந்தாலும் ஆளுக்கு ஆபத்து என்று கண்டால் அதில் எழுதலாம். எழுதினால் ஒரே நாளில் திருத்தியாக வேண்டும், எங்கிருந்தாவது கிரவல் வந்து சேரும். ஆனால் அதுவும் தவறு என்றுதான் எண்ணப்படும். மூன்றாவது தவறு. அந்தப் படிவக் கட்டு என் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

சீட்டு எடுக்கிற முறையைச் சொல்ல வேண்டும். முழு ரோட்டையும் ஒரே நாளில் அளக்க முடியாது. ஆகவே கிலோமீட்டர் எண்களைத் துண்டு துண்டாக எழுதி, மடித்து, ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு வைத்திருப்போம். குழுத் தலைவிகளும் மேலாளரும் சுற்றி நிற்க, நான் பேணியைக் குலுக்கி ஐந்து சீட்டு எடுப்பேன். எடுத்த எண்ணை வாசிப்பேன், மேலாளர் எழுதுவார், நான் சீட்டை மடித்துத் திரும்பப் பேணிக்குள் போடுவேன். வந்த ஐந்தையும் போய் அளப்போம். வராதவை அந்த மாதம் நல்லவை என்று கொள்ளப்படும். சீட்டைக் காட்டு என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அடிமட்டம் சொன்னால் சொன்னதுதான்.

ஐந்தாவது, கடைசிச் சீட்டை விரித்தேன். என் கையெழுத்தில் பதினேழு.

தலைவி எனக்கு எதிரே நின்றார். கண்ணை மூடியிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. குடையில்லாமல் மழைத்தூறலில் நின்றதால் முகமெல்லாம் நனைந்திருந்தது. நான் அதிகம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். இருபத்தைந்து வருட உத்தியோகத்தில் ஒருநாள் ஒரு நல்ல காரியம் செய்தால் என்ன என்று ஒரு நினைவு ஓடியது. அவ்வளவுதான்.

"பன்னிரண்டு" என்றேன்.

பன்னிரண்டும் அவர்களுடையதுதான். காலையில் அதைக் கடந்துதான் வந்திருந்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. மேலாளர் எழுதினார். நான் சீட்டை மடித்துப் பேணிக்குள் போட்டு மூடினேன். தலைவி கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தார். அன்று முழுக்க எனக்கு மனம் லேசாக இருந்தது. பன்னிரண்டை அளக்கும்போது, "உங்கட தடி கட்டை" என்று அவர் பழையபடி தொடங்க, நான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் ஜீப்பை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை எனக்கே பிடித்திருந்தது.

பதினேழுக்குப் போய் அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. பார்த்தால் எழுத வேண்டி வரும் என்று போகவில்லை.

இந்த ஒப்பந்தங்களின் குணத்தை நான் மற்றவர்களுக்குப் படிப்பித்தவன். எனக்கே அது அன்று மறந்துபோயிற்று. எழுதாத பழுது இல்லாத பழுது. கிரவல் குழியில் தண்ணீர் வடிந்து லொறி வெளியே வந்தது உண்மைதான், தலைவி சொன்னபடி இரண்டு நாளில்தான் வந்தது. ஆனால் மேலாளர் அதைத் தவறியது என்று எழுதப்பட்ட கிலோமீட்டர்களுக்கு அனுப்பினார். அங்கே நாள் ஓடிக்கொண்டிருந்தது. பதினேழுக்கு நாளும் ஓடவில்லை, வெட்டும் இல்லை. தலைவி இரண்டு தரம் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். அடுத்த லோட், அடுத்த லோட் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மேலாளர் இடத்தில் இருந்தாலும் லொறியை அப்படித்தான் அனுப்பியிருப்பேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு மழை மறுபடி பிடித்தது. பரிசோதனை நடந்து ஆறாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் தலைவியின் கணவர் மீன்பெட்டியோடு அந்த மதகுக்கு வந்திருக்கிறார். எதிரே மணல் டிப்பர் ஒன்று. ஒதுங்கியிருக்கிறார். தண்ணீர் தார் மட்டத்துக்கு நின்றதால் கரை எது பள்ளம் எது என்று தெரிந்திருக்காது. கம்பும் துணியும் இரவு வெள்ளத்தில் போயிருந்தன. அவருக்கு அந்த இடம் தெரியும், மனைவி சொல்லியிருப்பார், தினமும் கடந்தவர். ஆனால் டிப்பர் வரும்போது யோசிக்க எவ்வளவு நேரம் இருக்கும்? மோட்டார்சைக்கிளோடு மதகுக்குள் விழுந்தார். தலை சுவரில் அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது.

மேலாளர்தான் எனக்கு போன் எடுத்தார். "பதினேழில, சேர்" என்றார். நான் போனை வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார். ரோட்டில் ஒரு விபத்து என்றேன்.

செத்த வீட்டுக்குப் போனேன். தறப்பாள் பந்தலுக்குக் கீழே அடுக்குக் கதிரை போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று இழுத்துப் போட்டு, "சேர் வந்திருக்கிறார்" என்று மரியாதையாக இருத்தினார்கள். அந்த மரியாதையை விட யாராவது என் சட்டையைப் பிடித்திருக்கலாம். குழுவின் மற்ற ஐந்து பெண்களும் தலைவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. கையை விரித்துத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை வந்தது. அந்தக் கிலோமீட்டர் அந்த மாதம் பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்டார்கள். சீட்டில் வரவில்லை என்று எழுதினேன். ஆபத்துக் குறிப்பு இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதினேன். இரண்டுக்கும் கீழே கையெழுத்து வைத்தேன். என் கொப்பியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. மழை, டிப்பர், இறந்தவரின் வேகம் என்று கதை முடிந்தது. அவர் மோட்டார்சைக்கிளை வேகமாக ஓடுகிறவர் அல்ல, மீன்பெட்டியோடு எவர் வேகமாக ஓடுவார்? அதையும் நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். பெயர் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. வேறு அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த மாதம் அந்தக் குழுவின் எட்டுக் கிலோமீட்டரும் சுத்தம் என்று அறிக்கை போனது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுகிழமை தலைவி வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்றாராம். பதினேழில் கிரவல் போட்டு இறுக்கி, மதகுக்குப் பக்கச் சுவரும் கட்டியாயிற்று. அதைப் பார்க்க நான் போனபோது மற்றப் பெண்கள் தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, எனக்குத் தராமல் தானே கையில் வைத்துக்கொண்டு மதகைப் பார்த்தார்.

"சேர், ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டு. அண்டைக்கு நீங்கள் பேணிக்குள்ள கை வைக்கேக்க நான் காளியம்மனுக்கு நேந்தனான். பதினேழு வரக்கூடாது, வராட்டில் பொங்கிறன் எண்டு. அவ வர விடேல்லை. வந்திருந்தா நீங்கள் எழுதியிருப்பியள், அண்டைக்கே கிரவல் வந்திருக்கும். வேலைதானே போயிருக்கும். அந்த மனிசன் இருந்திருப்பார். நான்தான் கேட்டு வாங்கினனான்."

சத்தமில்லாமல் சொன்னார். ஒரு மாதமாக அதை எத்தனை தரம் தனக்குள் சொல்லியிருப்பார் என்று அந்தக் குரலில் தெரிந்தது. என் பாவத்தை இந்தப் பெண் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதோடு வாய்க்கால் வெட்ட வந்திருக்கிறார்.

"தங்கச்சி, பதினேழு வந்தது. நான்தான் மாத்தி வாசிச்சனான். உங்கட நேத்திக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லை" என்றேன்.

என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. காறித் துப்புவார், அடிப்பார், கத்துவார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக நின்றேன். அவர் முகம் மெல்ல இளகியது. அந்த ஒரு மாதத்தில் முதல்முறையாகக் கண் நிறைந்தது.

"நீங்கள் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை, சேர். என்ர மனம் ஆறட்டும் எண்டு சொல்லுறியள். உங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, முகத்தில தெரியுது."

சத்தியம் என்றேன். மறுபடியும் சொன்னேன், என் கையெழுத்தில் பதினேழு இருந்தது என்று சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார், காய்ச்சல்காரன் பிதற்றுவதற்கு ஓம் ஓம் என்பது போல. எதைக் காட்டி நிரூபிக்க? பேணிக்குள் எல்லாச் சீட்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கின்றன. ஒரு சாட்சியும் இல்லை. நான் கறாரானவன் என்பதற்குத்தான் ரோட்டு முழுக்கச் சாட்சி. அவர் தேத்தண்ணியை என் கையில் தந்து, ஆறமுன் குடிக்கச் சொன்னார். நான் குடித்தேன். அப்போது எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அவர் நம்பவில்லை என்ற ஆறுதல் அது. அதை எழுதாவிட்டால் இதை எழுதுவதில் ஒரு அர்த்தமும் இல்லை.

அலுவலகத்தில் நான் இன்னும் சொல்லவில்லை. இப்போது சீட்டை எடுத்தால் எல்லோருக்கும் விரித்துக் காட்டுகிறேன், ஆபத்துக் குறிப்பைத் தயங்காமல் எழுதுகிறேன். வயது போகப் போகச் சேருக்குக் கறார் கூடிவிட்டது என்கிறார்கள். குழு அதே ஆறு பேர்தான். அவர்களுடைய கிலோமீட்டர்கள் அதன்பிறகு ஒன்றும் தவறவில்லை.

ஆண்டுத் துவசம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, பரிசோதனை நாளில், தலைவி ஒரு சில்வர் வாளியோடு வந்தார். முதல் நாள் வெள்ளிக்கிழமை, காளி கோயிலில் பொங்கினாராம். சாவுத் துடக்கு உள்ள வருடத்தில் பொங்கக் கூடாது என்று காத்திருந்தாராம். ஊரில் பெண்கள் தடுத்திருக்கிறார்கள். புருசனைக் கொண்டுபோன சாமிக்கு எதற்கடி பொங்கல் என்று சொந்தத் தங்கையே கேட்டாளாம்.

"கேட்டதைத் தந்தவ சேர். தீர்க்காமல் வைச்சிருக்க ஏலாது" என்றார்.

வாழையிலைத் துண்டில் எனக்கு முதலில் வைத்தார். அன்றைக்கு நீங்கள் ஆறுதலுக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை என்றார். மேலாளரும் மற்றப் பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய நேர்த்தியை அம்மன் கேட்கவேயில்லை, எண் வந்தது, நான் மறைத்தேன். அதை அத்தனை பேருக்கும் முன்னால் உரக்கச் சொல்ல எனக்கு இன்னுமொரு முறை கிடைத்தது. வாயைத் திறந்தேன். திறந்த வாயில் பொங்கலை வைத்தேன்.

இலையில் ஒரு பருக்கை இல்லாமல் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் பக்கத்தில் நின்றார். இனிப்புக் காணுமோ சேர் என்று கேட்டார். போதும் என்றேன்.